உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?

முழங்கால் கதை – 6

போன கிழமை எக்ஸ்ரேயோடு நிறுத்தினோம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வையும், அவற்றைக் கட்டிவைத்திருக்கும் நார்களையும் காட்டாது. மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்தவர், கரப்பந்து விளையாடி முழங்காலைத் திருப்பிக்கொண்டவர், குந்தியிருந்து எழும்பும்போது கால் பூட்டிக்கொள்கிறவர் – இவர்களுக்கு டொக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதக்கூடும். தர்மபுரம் ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இல்லை. துண்டை வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வேலை செய்வது காந்தமும் ரேடியோ அலையும். உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தம் ஒழுங்குபடுத்தும், ரேடியோ அலை அவற்றைக் கலைக்கும், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடும் சைகையைக் கணினி படமாக்கும். இந்த வழியைக் கண்ட லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. வழமையான 1.5 டெஸ்லா மெஷினின் காந்தம், நம் பக்கத்தில் பூமிக்குள்ள காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். ஸ்கான் நடக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்தவர் ஒட்சிசன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய், மெஷினோடு இழுபட்டு உயிர் விட்டார்.

அதனால்தான் வாசலில் கேள்வி கேட்கிறார்கள். வன்னியில் அந்தப் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

"அம்மா, உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?"

"இல்லைத் தம்பி. தோடு, காப்பு எல்லாம் கழட்டிட்டன்."

"செல் பீஸ்?"

"அது முதுகில ஒண்டு கிடக்கு. அது ஒண்டும் செய்யாது."

அவர் மறைக்கவில்லை. இத்தனை வருசம் கூடவே கிடந்தது உடம்பாகவே ஆகிவிட்டது. யுத்தம் நடந்த 2009 தொடக்கத்தில் தர்மபுரம் ஆஸ்பத்திரி காயக்காரரால் நிரம்பி வழிந்தது. உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த அந்த நேரத்தில், ஆழப்போன சிறு துண்டுகளைத் தேடி எடுக்க யாருக்கு முடிந்தது? எங்கே, எப்படிக் காயப்பட்டது என்று வாய் திறக்கப் பயந்த காலமும் இருந்தது. ஸ்கான் அறையில் அந்தப் பயம் வேண்டாம். அங்கே கேட்பது உங்கள் வரலாற்றை அல்ல, துண்டு கிடக்கும் இடத்தை.

செல் துண்டு பெரும்பாலும் இரும்பு. தசைக்குள் பழைய தழும்பு சுற்றிப் பிடித்து வைத்திருக்கும் துண்டு அசைவது அரிது. டொக்டர் யோசித்து ஸ்கானுக்கு விடலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் என்றால் கதை வேறு. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்த ஒரு தொழிலாளி எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு அந்தக் கண்ணில் பார்வை இழந்ததை 1986இலேயே மருத்துவ இதழில் பதிந்திருக்கிறார்கள். துண்டு முழங்காலிலேயே கிடந்தால் இன்னொரு சிக்கல்: அது கிடக்கும் இடம் படத்தில் கறுப்பாக விழுந்து, பார்க்க வேண்டியதையே மறைத்துவிடும். அப்போது சீ.ரி. ஸ்கானையோ வேறு வழியையோ டொக்டர் யோசிப்பார்.

பழைய டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் கொண்டுபோங்கள். முள்ளிவாய்க்காலோடு போய்விட்டதா? கவலையில்லை, சந்தேகமான இடத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இரும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். செயற்கைக் காலை வாசலிலேயே கழற்றிவைக்க வேண்டும். ஒரு காலை இழந்தவருக்கு மற்ற முழங்கால் கூடிய பாரத்தைச் சுமந்து தேய்வது வழமை. ஆகவே இந்த ஸ்கானுக்கு அவர்களும் வருவார்கள். எலும்புக்குள் பிளேட், ஸ்குரூ இருந்தாலும் சொல்லுங்கள், அநேகமாகத் தடையிராது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

மற்றது சுலபம். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலைச் சுற்றி ஒரு கூடு மாட்டி, கால் பக்கமாக உள்ளே தள்ளுவார்கள். தலை பெரும்பாலும் வெளியே, அல்லது வாசலோரம் இருக்கும். அரைமணி நேரமளவு காலை அசைக்கக்கூடாது; அசைந்தால் படம் கலங்கி, மறுபடி எடுக்க நேரும். நோகாது. முழங்காலுக்கு ஊசி மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது.

சத்தம்தான் பொல்லாதது. லான்ட்மாஸ்டர் காதடியில் நின்று அடிப்பதுபோலத் தட்டும், நிற்கும், திடீரென்று வேறு தாளத்தில் தொடங்கும். செல்லடிக்குள் இருந்து வந்தவருக்கு நெஞ்சு பதறலாம். காதடைப்பான் தருவார்கள், கையில் அமத்துகிற பந்து ஒன்றும் தருவார்கள். பயம் வந்தால் அமத்துங்கள், நிறுத்துவார்கள். அந்தப் பயத்தை முதலே அவர்களிடம் சொல்லி வைப்பது இன்னும் நல்லது.

அடுத்த கிழமை ரிப்போர்ட்டைப் பிரிப்போம். "சவ்வு கிழிவு" என்று எழுதியிருந்தால் உடனே கலங்கவேண்டாம். 50 வயதைத் தாண்டியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சவ்வு கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தின ஒரு மாதத்தில் முழங்கால் நோவே இருக்கவில்லை.

(தொடரும்)