ஒரு பவுனில் எத்தனை அணுக்கள்?

வேதிவினையில் அணுக்கள் எண்ணிக்கைக் கணக்கில்தான் சேர்கின்றன. ஒரு கார்பன் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் ஆய்வகத் தராசுக்குத் தெரிந்தது கிராம் மட்டுமே. கிராமிலிருந்து எண்ணிக்கைக்குப் போக உதவும் அலகுதான் மோல்.

ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். உலகின் 800 கோடிப் பேரும் இரவு பகல் பாராமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும், ஒரு மோலை எண்ணி முடிக்கச் சுமார் 24 லட்சம் ஆண்டுகள் ஆகும். 1811இல் வாயுக்களைப் பற்றிய தம் கருதுகோளை வெளியிட்ட இத்தாலியர் அவகாட்ரோவுக்கு இந்த எண் தெரியாது. அவர் பெயரை இதற்குச் சூட்டியவர் 1909இல் பிரெஞ்சு அறிஞர் ஜான் பெரன்.

ஒரு தனிமத்தின் அணு நிறை எவ்வளவோ, அத்தனை கிராம் எடுத்தால் அதில் ஒரு மோல் அணுக்கள் இருக்கும். கார்பனுக்கு அது 12 கிராம், இரும்புக்கு 55.85, தங்கத்துக்கு 196.97. மோலை அணுக்களாக்க அவகாட்ரோ எண்ணால் பெருக்க வேண்டும். அணுக்களை மோலாக்க அதே எண்ணால் வகுக்க வேண்டும்.

ஒரு பவுன் நகையையே எடுத்துக்கொள்ளலாம். எடை 8 கிராம். 916 முத்திரை இருந்தால், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 7.33 கிராம். மீதி செம்பு போன்ற பிற உலோகங்கள். 7.33ஐ 196.97ஆல் வகுத்தால் 0.0372 மோல். அதை 6.022 × 10²³ஆல் பெருக்கினால் 2.24 × 10²² தங்க அணுக்கள். மோல் கணக்கில் நூறில் நான்கு பங்குகூட இல்லை. ஆனால் அணுக்களோ கோடி கோடியாக இருக்கின்றன.

எதிர்த்திசைக் கணக்கும் இப்படியே. 1.5055 × 10²⁴ இரும்பு அணுக்கள் என்றால் 2.5 மோல், ஏறத்தாழ 139.6 கிராம்.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேறோர் இடத்தில். எதன் மோல் என்று பார்க்காமலே பெருக்கிவிடுகிறார்கள். 18 கிராம் தண்ணீரில் இருப்பது ஒரு மோல் மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று அணுக்கள் இருப்பதால், அணுக்கள் மூன்று மோல்; அதாவது 1.807 × 10²⁴. ஆக்சிஜன் வாயுவும் அப்படித்தான்: 32 கிராமில் மூலக்கூறுகள் ஒரு மோல், அணுக்கள் இரண்டு மோல். கேள்வியில் ‘அணு’ என்றிருக்கிறதா, ‘மூலக்கூறு’ என்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

முன்பெல்லாம் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ அதுவே மோல். அதனால் அளவீடு நுட்பமாகும்போதெல்லாம் எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறின. ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கன்-28 கோளங்களை ஏறக்குறையப் பிழையற்ற உருண்டையாகத் தேய்த்து, அணுக்களின் இடைவெளியை எக்ஸ் கதிரால் அளந்தும் இந்த எண்ணைக் கண்டார்கள். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்பதே மோலின் வரையறை. எண் நிலைத்துவிட்டதால், 12 கிராம் கார்பன்-12இல் மிகச்சரியாக ஒரு மோல் இருக்கிறதா என்பதுதான் இப்போது அளந்து பார்க்க வேண்டியது. அந்த வேறுபாடு பள்ளிக் கணக்கை எட்டவே எட்டாது.