964, 156, 715

'எ ஃபன்னி திங் ஹாப்பண்ட் ஆன் த வே டு த ஃபோரம்' பிராட்வேயில் மூன்று முறை மேடையேறிய நகைச்சுவை இசை நாடகம். முதல் முறை 964 காட்சிகள், அடுத்து 156, பிறகு 715. ஆக மொத்தம் 1,835.

1962 மே 8இல் தொடங்கி 1964 ஆகஸ்ட் 29 வரை 844 நாள். வாரத்துக்கு 8 காட்சி என்ற பிராட்வே வழக்கத்தை வைத்துப் பெருக்கினால் அதே 964 வருகிறது. 1996 ஏப்ரல் 18 முதல் 1998 ஜனவரி 4 வரை 626 நாள். அங்கும் 715 சரியாகப் பொருந்துகிறது. வாரா வாரம் எட்டு முறை மேடையில் ஓடி, விழுந்து, பாடிய உழைப்பு இது.

மேடைக்கான தேவையோ கொஞ்சம்தான். ரோமில் ஒரு தெரு, 3 வீடு. கதை நடப்பது 1 நாள். படைவீரர், அடிமை என்று சில்லறை வேடம் அத்தனையையும் 3 நடிகர்களே மாறி மாறிப் போடுகிறார்கள். 2,200 ஆண்டுக்கு முந்தைய பிளாட்டஸின் நாடகங்களிலிருந்து எடுத்த சிக்கனம்!

பிராட்வேக்கு வருமுன் நடந்த வெள்ளோட்டத்தில் வாஷிங்டன் அரங்கம் சிரிக்கவில்லை. மென்மையான தொடக்கப் பாட்டைத் தூக்கிவிட்டு, வரப்போவது கூத்து என்று அடித்துச் சொல்லும் பாட்டாகப் போடச் சொன்னார் நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ். இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைம் 'காமெடி டுநைட்' எழுதினார். மாறியது 1 பாட்டு, நாடகம் பிழைத்தது. 1963இல் 6 டோனி விருதுகள். சோண்ட்ஹைம் பிராட்வேக்கு இசையும் வரிகளும் சேர்த்து எழுதிய முதல் நாடகம் இதுதான். அந்த இசைக்குப் பரிந்துரைகூட இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடிமை சூடோலஸாக நடித்த ஸீரோ மோஸ்டல், ஃபில் சில்வர்ஸ், நேதன் லேன் மூவருக்குமே டோனி கிடைத்தது. இவர்களில் சில்வர்ஸைத்தான் 1962 மேடையேற்றத்துக்கு முதலில் கேட்டார்கள். ரோமானிய அடிமைக்கு ஏது மூக்குக்கண்ணாடி? கண்ணாடி இல்லாமல் ஆடினால் இசைக்குழுவின் பள்ளத்தில் விழுந்துவிடுவோம் என்று பயந்து மறுத்துவிட்டார்.

பத்தாண்டு கழித்து, 1972 மார்ச் 30இல், கண்ணாடி போட்டுக்கொண்டே அதே வேடத்தில் வந்தார். அடுத்த மாதமே டோனியும் வாங்கினார். கோடையில் பக்கவாதம் தாக்கியது. ஆகஸ்ட் 12, 156ஆவது காட்சியோடு திரை விழுந்தது.