மலிவு சைக்கிளின் மீதி வேலை

சீனாவில் செய்த சைக்கிள் ஃபிரேம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பெடல் அச்சு நுழையும் குழாயின் உட்புறத்தில் மரை வெட்டியிருந்தால், அதன் குறுக்களவு பெரும்பாலும் 1.37 அங்குலமாக இருக்கும்; அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் அளவில் வேலை செய்யும் நாடு இந்த இடத்தில் ஏன் அங்குலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? இங்கிலாந்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயரில்தான் இந்த அளவு இன்றும் வழங்குகிறது. நாம் பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்தில் அறிந்த அதே கம்பெனி. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை, ஹெர்குலிஸோடு சேர்த்து அந்தப் பெயரையும் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் ஓடவிட்டது.

சைக்கிள் மலிவானதற்கு முதல் காரணம் இப்படிப்பட்ட பொது அளவுகள்தாம். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் உலகம் முழுக்க அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ரோடு சைக்கிளில் 700சி என்றும் மலைச் சைக்கிளில் 29 என்றும் எழுதியிருந்தாலும், ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் இரண்டுக்கும் 622 மி.மீ.தான். நம் பழைய 28 அங்குல சைக்கிளுக்கு அது 635. அதனால்தான் அந்த டயர் இதில் ஏறாது. அளவு பொதுவானால் பாகத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். செய்பவர் பெருகினால் விலை இறங்கும்.

தைவானில் 1972-ல் தொடங்கிய ஜயண்ட் நிறுவனம் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனிக்குச் சைக்கிள் செய்துகொடுத்து வளர்ந்தது. 1990-களில் தைவான் கம்பெனிகள் பலவும் கடல் தாண்டிச் சீனாவில் ஆலை போட்டன. அவற்றைச் சுற்றி ரிம், ஹப், ஹேண்டில்பார், கார்பன் ஃபிரேம் என்று தனித்தனிப் பட்டறைகள் முளைத்தன. ஷியாமென் நகரம் இன்று கார்பன் ஃபிரேமுக்குப் பெயர் பெற்றது. ஜூஹாய் நகரின் எல்-டூ, சென்சா போன்ற சீனப் பெயர்களும் தைவானின் மைக்ரோஷிஃப்ட்டும் ஜப்பானின் ஷிமானோவைவிடக் குறைந்த விலையில் கியர் செய்கின்றன. அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பிறகு, வீட்டிலிருந்தபடியே சீனக் கடையில் வாங்கும் எளிய வழி அடைபட்டது. முழு சைக்கிளுக்கான இறக்குமதி வரி 2023 பட்ஜெட்டில் 30-லிருந்து 35 சதவீதமாக ஏறியது. ஆனாலும் இறக்குமதியாளர்கள் வழியாகவும், இங்கே கோத்து விற்கும் கம்பெனிகள் வழியாகவும் சீனப் பாகங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கோவையிலிருந்து ஆனைகட்டிக்கும் மருதமலைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிதிக்கிறவர்களின் வண்டிகளைக் குனிந்து பார்த்தால் தெரியும்.

இந்த மலிவில் ஒரு பங்கு, உற்பத்தித் திறமையால் வந்தது. இன்னொரு பங்கு, செய்யாமல் விட்ட வேலையால் வந்தது. பெடல் அச்சுக் குழாயின் இரு முகங்களையும் இணையாகச் சீவுவது, மரையில் படிந்த பெயின்டை நீக்குவது, சக்கரக் கம்பிகளைச் சமமாக முறுக்குவது, கிரீஸ் வைப்பது எல்லாம் கை வேலை. கை வேலைக்கு நேரம் ஆகும், நேரத்துக்குக் கூலி ஆகும். விலையைக் குறைக்க நினைக்கும் ஆலை முதலில் கைவைப்பது அதில்தான். ஆகவே மலிவான ஃபிரேமும் பாகமும் வாங்குகிறவர் முக்கால் சைக்கிளைத்தான் வாங்குகிறார். மீதிக் கால் பங்கை இங்கே செய்தாக வேண்டும்.

தானாகக் கழலும் மரை

முதலில் பெடல் அச்சைத் தாங்கி அந்தக் குழாயில் திருகி உட்காரும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பையே எடுத்துக்கொள்வோம். செயின் இருக்கும் வலப்பக்கக் கப்பு இடது மரை கொண்டது; இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். விஷயம் தெரியாமல் வழக்கம்போல வலஞ்சுழியாகத் திருகி, அலுமினிய மரையை அரைத்துத் தள்ளியவர்கள் உண்டு.

ஏன் இந்த வம்பு? ஒரு பென்சிலை எடுத்து, இடக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் தளர்வாக விடுங்கள். மறு கையால் அதன் நுனியைப் பிடித்து, பென்சில் வளையத்தின் சுவரை ஒட்டியபடியே சுற்றி வருமாறு வலஞ்சுழியாக நகர்த்துங்கள். பென்சில் தன்னச்சில் மெல்ல இடஞ்சுழியாக உருளும். குழாய்க்குள் இருக்கும் கப்புக்கும் இதே கதிதான். மிதிக்கும் பாரம் சுற்றிச் சுற்றி வரும்போது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால்கூட, கப்பு எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக உருளப் பார்க்கிறது. வலப்பக்கத்தில் அந்த எதிர்த்திசை இடஞ்சுழி. அங்கே இடது மரை வெட்டிவிட்டால், கழற்ற வேண்டிய விசையே இறுக்கிக்கொடுக்கிறது. இடப்பக்கப் பெடலுக்கு இடது மரை இருப்பதும் இந்தக் கணக்கால்தான்.

இடைவெளி பெரிதாக இருந்தாலோ, மரையில் பெயின்ட் அடைத்திருந்தாலோ, இரு முகங்களும் இணையாக இல்லாவிட்டாலோ கப்பு சாய்ந்து உட்காரும். பேரிங் ஒரு பக்கமாகத் தேயும். மிதிக்கும்போதெல்லாம் 'கிறீச்' என்று அழும். மரையே இல்லாமல் பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் ஃபிரேம்களில் தொல்லை இன்னும் அதிகம். அங்கே துளையின் அளவு நூறில் சில பங்கு மில்லிமீட்டர் பிசகினாலே சத்தம் வரும். மலிவு விலை ஃபிரேமில் அவ்வளவு துல்லியத்தை நம்பி இறங்குவதைவிட, மரை உள்ள ஃபிரேமாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கம்பியின் சுதி

அடுத்து சக்கரம். விலை குறைந்த சக்கரங்களை இயந்திரமே கம்பி கோத்து இறுக்கிவிடுகிறது. பார்வைக்கு நேராகச் சுற்றும். ஆனால் ஒரு கம்பி விறைப்பாகவும் அடுத்தது தொளதொளவென்றும் இருக்கும். பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகளில் பொதுவாக 100 முதல் 120 கிலோ அளவுக்கு இழுவிசை இருக்க வேண்டும்.

விறைப்பான கம்பிதான் அறும் என்று நினைக்கிறோம். நடைமுறையில் அறுவது பெரும்பாலும் தளர்ந்த கம்பி. சக்கரம் உருளும்போது தரைக்கு நேராக வரும் கம்பியின் இழுவிசை குறைந்து, மேலே போகும்போது மீண்டும் ஏறுகிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 சுற்று. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 4.7 லட்சம் தடவை. நல்ல இழுவிசையில் இருக்கும் கம்பி இந்த ஏற்ற இறக்கத்தை அண்டைக் கம்பிகளோடு பகிர்ந்துகொள்கிறது. தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபடுகிறது. ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில் உலோகம் அலுத்து, ஒருநாள் அறுகிறது.

இதைச் சோதிக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிக் கேளுங்கள். கம்பி எழுப்பும் ஒலியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். அரை ஸ்வரம் வித்தியாசம் கேட்டால் இழுவிசையில் 12 சதவீத வித்தியாசம் என்று பொருள். நம்மூர் சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுக்கும் கைப்பழக்கம் இன்னும் இருக்கிறது. புதுச் சக்கரத்தை முதல் இருநூறு, முன்னூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை அவர்களிடம் காட்டினால் பாதித் தொல்லை தீர்ந்தது. "கம்பெனி செட்டிங்குங்க, கைவைக்க வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விளம்பரத்தில் வரும் எண்கள்

கார்பன் ஃபிரேம் விளம்பரங்களில் டி700, டி800, டி1000 என்று எண்கள் பளபளக்கும். இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி700 இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இழையின் வலிமை, ஃபிரேமின் வலிமை அல்ல. ரெசினில் ஊறிய இழைகளை ஒரே திசையில் அடுக்கினால், அந்தத் திசையில் தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கைத்தான் குறுக்கே தாங்கும். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில், நடுவே காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தினார்களா என்பதுதான் ஃபிரேமின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. ஒரே அச்சில் வார்த்து, கேட்டவர் பெயரை ஒட்டிக் கொடுக்கும் 'ஓபன் மோல்டு' ஃபிரேம்களில் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள் அடுக்கு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அலுமினியத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 6061-டி6 கலவை 276 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி அந்த வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும். ஃபிரேம் முழுவதையும் மறுபடி சூடாக்கி, குளிர்வித்து, பதப்படுத்தினால்தான் இழந்தது திரும்பும். இந்தப் படியைத் தவிர்த்தார்களா என்பது பெயின்டுக்கு மேல் தெரியாது. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ஐ.எஸ்.ஓ. 4210 சோதனைச் சான்று உண்டா என்பதே. அந்தச் சோதனையில் ஃபிரேமில் பூட்டிய பெடல்களை ஒரு லட்சம் தடவை, சுமார் நூறு கிலோ எடைக்குச் சமமான விசையில் மாறி மாறி அழுத்துவார்கள்.

எஃகைப் போல அலுமினியத்துக்கு 'இதற்குக் கீழே எத்தனை முறை அழுத்தினாலும் உடையாது' என்ற எல்லை கிடையாது. அதனால் மாதம் ஒருமுறை, ஹேண்டில்பாருக்குப் பின்னால் குழாய்கள் சேரும் இடத்தையும் பெடல் அச்சைச் சுற்றியும் துடைத்துப் பார்க்க வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட் இதற்கு அருமையான சாதனம். விரிசல் இருந்தால் நூல் மாட்டும்.

குன்னூர் ஏற்றமும் இறக்கமும்

கோவைக்காரர் கார்பன் ஃபிரேமுக்கு ஆசைப்படுவதன் காரணம் மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் நிற்கிறது. அங்கிருந்து குன்னூருக்குச் சுமார் 1,400 மீட்டர் ஏற வேண்டும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 87 கிலோ, மிதிக்கும் திறன் 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை வெல்ல மட்டுமே இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நான்கு கிலோ குறைந்த வண்டி அதில் ஆறு நிமிடத்தை மிச்சப்படுத்தும். காய்ந்து அழுக்கேறிய செயின் நம் உழைப்பில் கூடுதலாக 2 சதவீதத்தை விழுங்கினால், அந்த ஆறில் ஏறத்தாழ மூன்று நிமிடம் திரும்பப் போய்விடும்.

இறக்கம் இன்னும் முக்கியம். ஏறும்போது சேர்த்த சுமார் 12 லட்சம் ஜூல் ஆற்றலைக் காற்றும் பிரேக்கும்தான் கரைக்க வேண்டும். வளைவுகளில் வேகம் குறைவு என்பதால் பெரும்பங்கு பிரேக்கின் தலையில். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால், அலுமினிய ரிம் அந்தச் சூட்டை விரைவாகப் பரப்பி வெளியேற்றிவிடும். கார்பன் ரிம் அப்படிச் செய்யாது. சூடு பிரேக் பிடிக்கும் பட்டையிலேயே தேங்கும். மலிவு ரெசின் அந்தச் சூட்டில் இளகி, ரிம்மின் ஓரம் பிதுங்கும், டியூப் வெடிக்கும். மலை இறங்குபவர்கள் டிஸ்க் பிரேக்கோடு போகட்டும், அல்லது அலுமினிய ரிம்மோடு போகட்டும். விலை குறைந்த கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் மட்டும் வேண்டாம்.

கலக்கலாம், கணக்கோடு

சீன கியரையும் ஷிமானோ பாகத்தையும் கலந்து பூட்டும்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. 8 கியர் தொகுப்பில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4.8 மி.மீ.; 10 கியரில் 3.95. ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கிறது, செயினைப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லர் (derailleur) அதை எத்தனை மடங்காக்குகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு சொடுக்குக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும், ஒன்பதாவது சொடுக்கில் அது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். செயின் அடுத்த பல்லைச் சுரண்டத் தொடங்கும். ஷிஃப்டரும் டிரெய்லரும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். செயினும் பல்சக்கரமும் வேறாக இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு 8 கியரே போதும். இடைவெளி அகலம் என்பதால் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும், உதிரியும் எங்கும் கிடைக்கும். டிரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் துண்டு மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஃபிரேம் வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செயினின் ஆயுளை அளக்க ஓர் எஃகு ஸ்கேல் போதும். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். பின்கள் தேயத் தேய அந்த நீளம் கூடும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நீண்ட செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். சில நூறு ரூபாய்ச் செலவு சில ஆயிரமாகும். கார்பன் பாகங்களில் ஹேண்டில்பார், சீட் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் வரம்பு. பத்து சென்டிமீட்டர் ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். இரும்பு வண்டியை இறுக்கிப் பழகிய கை இதை எளிதில் தாண்டிவிடும். டார்க் ரெஞ்ச் ஒன்று அவசியம்.

வெளிநாட்டு இயந்திரத்தை இறக்கி, இங்கே பொருத்தி, தேய்ந்த பாகத்தைக் கடைந்து மாற்றி ஓட்டுவது கோவைக்குப் புதிய வித்தை அல்ல. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகியபோது, அந்த மில்களின் இயந்திரங்களைப் பழுது பார்த்தே இங்கு பட்டறைகள் வளர்ந்தன, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்ததும் அந்தச் சூழலில்தான். பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப் தண்டுக்கு மைக்ரான் கணக்கில் கடைகிறவர்களுக்கு, ஒரு பி.பி. குழாயின் முகத்தைச் சீவிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. இருபதாயிரத்துக்குப் பாகம் வாங்குகிறவர், அதைக் கோப்பதற்கு ஆயிரம் ரூபாய் கூலி கேட்டால் பேரம் பேசுகிறார். சீன ஆலை விலையில் குறைத்தது அந்தக் கூலியைத்தான். பட்ஜெட் போடும்போதே ஃபிரேமுக்கும் கியருக்கும் கீழே, கோட்டம் எடுக்கவும் முகம் சீவவும் டார்க் பார்த்து இறுக்கவும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியைக் கூட்டிய பிறகும் வண்டி மலிவாகத்தான் இருக்கும்; குன்னூரிலிருந்து பத்திரமாகவும் இறங்கும்.