அப்புறம் என்னாச்சு?

வாரக் கூட்டம் என்றால் நம் பிள்ளைகளும் கூடவே வந்துவிடுவார்கள். சேமிப்பு வாங்கி, கடன் தவணையை வரவு வைத்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் "அந்தப் பக்கம் போய் விளையாடுங்க" என்று பத்து தடவை விரட்டியிருப்போம். எங்கள் குழுவில் இதற்கு ஒரு வழி செய்தோம். வாரம் ஒரு உறுப்பினர் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை கட்ட வேண்டும்.

"எனக்குக் கதையே தெரியாதுக்கா" என்று எல்லோரும் பின்வாங்கினோம். தெரிய வேண்டியதே இல்லை. கதை சொல்லப்போவது பிள்ளைகள்தான். நாம் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் போதும்.

"ஒரு ஆட்டுக்குட்டி சந்தைக்குக் கிளம்புச்சாம். அப்புறம்?"

"பஸ்ல ஏறிச்சு" என்பாள் ஒருத்தி. "கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாரு" என்பான் இன்னொருத்தன். ஆட்டுக்கு லக்கேஜ் போடுவது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் அசந்துபோனோம்! சொன்னதை நாம் ஒரு தரம் திருப்பிச் சொல்லணும். "ஓ, டிக்கெட் கேட்டாரா! அப்புறம் என்னாச்சு?" தன் பேச்சும் கதையில் சேர்ந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அடுத்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். ஐந்தாறு பேர் போதும். கூட்டம் அதிகமானால் தன் முறை வருவதற்குள் எழுந்து ஓடிவிடுவார்கள். ஒரு கொட்டாங்குச்சியைக் கைமாற்றுகிறோம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசணும், மற்றவர்கள் கேட்கணும்.

நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறோம். முதல் வாரம் நாலு வயதுப் பிள்ளை ஒன்று, "ஆடு பறந்து போச்சு" என்றது. "ஆடு எங்கயாச்சும் பறக்குமா புள்ள?" என்று சிரித்துவிட்டோம். அவ்வளவுதான், அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அடுத்த இரண்டு வாரமும் வாயே திறக்கவில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை. கொட்டாங்குச்சியைக் கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தோம், அவ்வளவே. நாலாவது வாரம் "பறக்கும்" என்று ஒரே வார்த்தை சொன்னது. ஆடு பறந்தது.

"என்ன கலர்? எத்தனை கால்?" என்று பரீட்சை வைக்கவும் கூடாது. "ஏன் அப்படிச் செஞ்சுச்சு?" என்று கேட்கலாம். முதலில் எது, பிறகு எது, எதனால் என்று பிள்ளை தானாகவே கோர்த்துப் பேசும். பின்னால் பாடத்தை வாசித்துப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். "டீச்சர், வயிறு வலிக்குது" என்று கூச்சமில்லாமல் சொல்லவும் வாய் வரும்.

சில நேரம் கதைக்குள் வீட்டு விஷயமும் வந்துவிடும். "அப்பா ஆடு குடிச்சிட்டு வந்து அடிச்சுச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்கவோ அதட்டவோ கூடாது. கூட்டத்தில் அதைப் பேசவும் கூடாது. "அப்புறம் குட்டிய யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டுக் கதையை நகர்த்துங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் அம்மாவோடு தனியாக நடந்து போங்கள்.