மெதுவாக முடியும் கோடை

கத்திரி கழிந்தால் கோடை முடிந்தது என்று காலண்டர் சொல்லும். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் அதை யாரும் நம்புவதில்லை. தென்மேற்குப் பருவமழை தன் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த மேல்காற்றாக வந்து சேர்கிறது. அது வலுத்துவிட்டால் கடற்காற்று கரையேறப் பிற்பகல் ஆகும். சில நாள் வராமலே போகும். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று இழுத்துக்கொண்டே போய், வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில்தான் இங்கே கோடை உண்மையில் விடைபெறுகிறது.

அதுவரை ஏரி வற்றுகிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது; ஆனாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆரணியாறும் காளங்கியும் வறண்டு, முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் புதுத்தண்ணீருக்கு வழியில்லை. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்ள, உப்பு தங்கிவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கடும் கோடையில் இந்த ஏரியின் சில பகுதிகளில் அது 50 கிராமைத் தாண்டியதும் உண்டு.

ஏரியை வற்றவைக்கும் அதே ஆவியாதல்தான் கரையில் இருப்பவர்களின் உயிரைக் காக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். சொட்டி வழிந்துவிட்ட வியர்வையால் அந்தப் பலன் கிடையாது. மேல்காற்று ஓய்ந்துவிட்டால் ஏரிக்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அந்தப் புழுக்கமான நேரத்தில் வியர்வை வழியுமே தவிர காயாது. இதை அளக்கத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. அது 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று நெடுநாள் கருதப்பட்டது. 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான வெக்கையில் ஏறக்குறைய 31 டிகிரியிலேயே உடல்சூடு கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. வயதானவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

காரணம் உடம்புக்குள் இருக்கிறது. முதுமையில் ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியும் சுரக்கும் அளவு குறைகிறது. உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரும் ரத்த ஓட்டமும் முன்போல் பெருகுவதில்லை. தாக உணர்வு மங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். "தாகமே எடுக்கலப்பா" என்று தாத்தா சொல்வது நிஜம். ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்.

இந்த நிலைமையில் உடம்புக்கு மிஞ்சும் நல்ல வழி, நிதானம். தசை செலவிடும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி வெப்பமாக உள்ளேயே தங்குகிறது. நடையைத் தளர்த்தினால் அந்த அடுப்பே தணிகிறது. முதியவர்களின் மெதுவான போக்கைத் தள்ளாமை என்று மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெயில் காலத்தில் அது பெரும் விவேகம்.

ஏரியில் இறால் தடவும் இருளர் பெண்களைக் கவனித்தால் இது விளங்கும். பேரப்பிள்ளை எடுத்தவர்களும் அவர்களில் உண்டு. பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரு கையாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். அவசரப்பட்டால் இறால் வாலைச் சொடுக்கிப் பின்னால் பாய்ந்துவிடும். விரல் மெல்லப் போக வேண்டும், பிடி மட்டும் சட்டென்று விழ வேண்டும். மூளை தகவலைக் கையாளும் வேகம் நடுவயதுக்கு முன்பே குறையத் தொடங்கிவிடுகிறது என்றாலும், பல்லாண்டு பழகிய கைவேலை மூளையில் வேறு பகுதிகளை நம்பி நிற்பதால் எளிதில் அழிவதில்லை. நேற்றுச் சந்தித்தவரின் பெயர் மறந்துபோகும் வயதிலும், கிழிந்த வலையின் கண்ணை அளவு பிசகாமல் பின்ன முடிவது இதனால்தான்.

ஆனால் நிதானமாக இருக்கக் கையில் காசு வேண்டும். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை மட்டும் நம்பி வெயிலுக்கு ஒதுங்கி உட்கார முடியாது. மீன் குறைந்த நாளில் கூடுதல் நேரம் ஏரியில் கிடக்க வேண்டியிருக்கிறது. முதுமை கேட்கும் ஓய்வை வறுமை தருவதில்லை. ஆனால் வெக்கை முதியவர்களைத்தான் முதலில் தாக்கும்: 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய கோடை 70,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது, பெரும்பாலோர் முதியவர்கள். நம் நாட்டில் அகமதாபாத் 2013-இலேயே வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. நகரங்களுக்கென்று பிறந்த அந்த யோசனை மீன்பிடி குப்பங்களுக்கும் வந்தாக வேண்டும்: மீன் இறக்கும் இடத்தில் நிழற்கூரை, குடிநீர், வெக்கை ஏறும் முன் எச்சரிக்கை.

எச்சரிக்கை எப்போது தேவை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெயிலில் தினமும் புழங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பும் குறைகிறது. வயதானவர்களுக்கும் இது நடக்கும், சற்று மந்தமாக. ஆகவே கோடைக் கடைசி வெயிலைவிடத் தொடக்க வெயில்தான் பொல்லாதது. ஐப்பசி மழையில் ஏரியின் உப்பு இறங்கும்போது உடம்பும் தன் பழக்கத்தைச் சில வாரங்களில் இழந்துவிடும். அடுத்த பங்குனியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு, தாகம் எடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராமல், நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுக்க வேண்டிய வாரங்கள் அவை.