வேலை நேரம் குறைந்தால் யாருக்கு லாபம்?

மாணவர்களே, இந்தத் தலைப்பு தேர்வில் வந்தால், "ஓய்வு கிடைக்கும், குடும்பத்தோடு இருக்கலாம்" என்று இரண்டே வரியில் முடித்துவிடாதீர்கள். நம் நாட்டுச் சான்று ஒன்றைக் காட்டுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வாராந்தர வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இதில் ஓவர்டைம் சேராது.

நன்மை: வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு நாளுக்கு அரை மணி நேரம் மிச்சம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க அது போதும். களைப்பு குறைந்தால் வேலையில் கவனமும் கூடும்.

தீமை: மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு வருமானம் குறையலாம். சிறிய கடைக்காரர் இன்னோர் ஆளைத் தேட வேண்டிவரும். வேலையைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைத்தால், மிச்ச வேலை வீட்டுக்குத்தான் வரும். சந்தேகமா? பயிற்சிப் புத்தகங்களைச் சுமந்து வீட்டுக்குப் போகும் உங்கள் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்க!

ஆகவே, முடிவுரையில் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள்: யாருக்கு நேரம் குறைகிறது? சம்பளம் அப்படியே இருக்கிறதா? வேலைச்சுமையும் குறைகிறதா?