பாஸா, டிக்கெட்டா?

ஜப்பானுக்குப் புறப்படவிருந்த நண்பர் ஒருவர், தமக்கும் தம் மனைவியாருக்கும் ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கத் துடித்தார். பொறுக்கச் சொல்லிப் பென்ஸிலை எடுத்தோம்.

2023 அக்டோபருக்கு முன் அதன் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பவே சுமார் 28,000 யென் ஆகுமாதலால், இன்னும் சிறிது சுற்றினாலும் பாஸ் லாபந்தான். அம்மாதம் விலையை 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். நண்பர் செல்வதோ அவ்விரு நகரங்களுக்குத்தான். ஆளுக்கு 20,000 யென்னுக்கு மேல் வீண்! ஹிரோஷிமா வரை நீட்டிப் பார்த்தோம். அப்போதும் டிக்கெட்டே மலிவு. தவிரவும், அதிவேக நொஸோமி வண்டியில் ஏறப் பாஸ்காரரும் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். டோக்கியோவின் பாதாள ரயில்களிலோ பாஸ் செல்லவே செல்லாது.

நண்பருக்கு மனம் வரவில்லை. பாஸ் என்றால் ஒரு மிடுக்கல்லவா? அம்மையார்தான், "மிஞ்சும் பணத்தில் நாராவுக்கும் போய்ப் பெரிய புத்தரைச் சேவித்து வரலாமே!" என்றார்.